ஊஞ்சல் கொக்கியில் தொங்கிய இன்ஜின்

என் வீட்டுக்காரர் நல்லவராக மாறிய பிறகுதான் என் நிம்மதி போயிற்று.

அதற்கு முன்னால் அவர் அப்படியில்லை. நூல் மில் ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு ஃபோர்மேன். நாளெல்லாம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவர். வீட்டில் உப்பு கேட்டால்கூட எங்கள் பேட்டையான உப்பளம் முழுக்கக் கேட்கும். நானும் சளைத்தவள் இல்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஓர் அதட்டலில் வகுப்பையே உட்கார வைப்பேன். சாம்பாரில் புளி ஏறினால் ஒரு சண்டை, செருப்பை வாசலில் குறுக்கே விட்டால் ஒரு சண்டை, எதுவும் கிடைக்காவிட்டால் பத்து வருஷத்துக்கு முந்தைய கல்யாண வீட்டில் யார் முதலில் கிளம்பலாம் என்று சொன்னது என்று ஒரு சண்டை. சண்டை முடிந்ததும் இரண்டு பேருக்கும் நன்றாகப் பசிக்கும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்கென்று வெளியூர் போன பிறகும் வீடு வெறிச்சென்று ஆகாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

மில்லை மூடினார்கள். முதல் வாரம் அவர் தூங்கினார். இரண்டாவது வாரம் பரணைச் சுத்தம் செய்தார். அதற்கப்புறம் நல்லவராகிவிட்டார்.

"ஏம்மா, ஃபேன் போட்டுக்கட்டுமா?" என்பார். "ஏம்மா, பேப்பரை நீ படிச்சிட்டியா, நான் எடுத்துக்கட்டுமா?" என்பார். செருப்பை ஜோடியாகச் சுவரோரம் விடுவார். ஆரம்பத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் சொல்லிக்கொண்டேன். எல்லாரும் நான் என்ன விரதம் இருந்தேன் என்று கேட்டார்கள். ஆனால் நாள் போகப் போக எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டேன். நான் ஒரு வாய் வைத்துவிட்டு அடுத்த வாய் வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று எழுந்து கை கழுவப் போனார்.

அன்றைக்கு அடுக்களையில் நின்று அழுதேன். என்னோடு சரிக்குச் சரி நின்ற மனிதர் எங்கோ போய்விட்டார். அவருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு விருந்தாளி என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று தோன்றியது. எனக்கு என் ஆள் திரும்பி வர வேண்டும். இனி நான் சொல்லப் போகும் கூத்து முழுவதிலும் எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். மற்றபடி அந்த வண்டி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன.

வண்டி பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, அந்த நாட்டுப் பென்ஷனில் இந்த ஊரில் வாழ்பவர். தெருவே அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு முசே என்றுதான் கூப்பிடும். சாயந்திரம் ஆனால் தோள்பையில் பெத்தாங் விளையாட்டுக்கான இரும்புக் குண்டுகளைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவார். இருட்டியதும் தோற்றாரா ஜெயித்தாரா என்பதை நடையிலேயே காட்டிக்கொண்டு திரும்புவார். அவருடைய மருமகன் ஒரு தடவை பிரான்சிலிருந்து வந்தபோது, எங்கோ செகண்ட் ஹேண்டில் ஒரு வாட்டர் ஸ்கூட்டரை வாங்கினார். கடலில் மேலே உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினால் சீறிக்கொண்டு போகுமே, அதுதான். ஒரு லீவு முழுக்க ஓட்டினார். உப்புத் தண்ணீரைக்கூடக் கழுவாமல் முசே வீட்டுக் கார் ஷெட்டில் நிறுத்திவிட்டு விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அதன் சீட்டுக்கடியில் தெருப் பூனை வருஷா வருஷம் குட்டி போட்டது. அதைத் தவிர அந்த வண்டியால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு நாள் முசே எங்கள் வீட்டு வாசலில் நின்று, "தம்பி, அத காயலாங்கடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன். இன்ஜின் புடிச்சிக்கிச்சி. இனிமே அது ஓடாது" என்றார்.

"யாரு சொன்னா ஓடாதுன்னு?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் ஒருவர் சொன்னதை இல்லை என்கிறார். குரல்கூட உயரவில்லை, வெறும் கேள்விதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், "முசே, அத எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

போர்டிகோவில் என் ஸ்கூட்டி நின்ற இடத்தில் அது வந்து நின்றது. என் ஸ்கூட்டி தெருவுக்குப் போனது. என் வீட்டுக்காரர் சீட்டைக் கழற்றிப் பூனை முடியை வாரி எடுத்து, ஸ்பார்க் பிளக்குகளை உருவி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு சிலிண்டர். ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து குடிக்கிற டூ ஸ்ட்ரோக். இரண்டு பிஸ்டன்களும் உப்பில் கெட்டித்துப் போய் நகர மறுத்தன. பிளக் ஓட்டை வழியாக டீசலை ஊற்றி ஊறவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தினமும் காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் உட்கார்ந்திருப்பார், திரும்பி வரும்போதும் உட்கார்ந்திருப்பார்.

முசேவும் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். அவருக்கு இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்றே தெரியாது. "இதுக்குப் படகுக்கு மாதிரி பின்னாடி விசிறி கெடையாது முசே. அடியில ஒரு வாய் இருக்கு பாருங்க. அது வழியா தண்ணிய உறிஞ்சி, பின்னாடி பீச்சி அடிக்கும். அந்த வேகத்துலதான் முன்னாடி போவுது" என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். நானும் கேட்டேன். எனக்கும் நன்றாகவே புரிந்தது. இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

டீசலில் ஊறியும் பிஸ்டன் நகராததால் இன்ஜினையே வெளியே தூக்க வேண்டியதாயிற்று. தூக்க ஒரு கொக்கி வேண்டும். எங்கள் ஹாலில் ஒரு கொக்கி உண்டு. அதில் என் ஊஞ்சல் தொங்கியது. அதில் உட்கார்ந்துதான் நான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவேன்.

"ஏம்மா, ஊஞ்சல கொஞ்ச நாளைக்கு எறக்கிக்கட்டுமா?" என்று கேட்டார்.

சண்டைக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "முடியாது. அது எங்கம்மா வூட்டு ஊஞ்சல்" என்றேன்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே ஸ்டூல் போட்டு ஏறி, சங்கிலியைக் கழற்றி, பலகையைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். சண்டைக்கு இழுக்கப் போய் இடுப்புப் பிடிப்புதான் மிச்சம். மறுநாள் முசே வடம் பிடிக்க, இவர் உருளையில் கயிறு போட்டு இழுக்க, இன்ஜின் ஹாலின் நடுவில் ஏறித் தொங்கியது. கீழே சொட்டுகிற எண்ணெய்க்கு என் பழைய தாம்பாளத்தை வைத்தார்கள்.

அந்த வாரம் என் நாத்தனார் தன் மகளின் சடங்குக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். சோபாவில் உட்கார்ந்தவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "இன்னா அண்ணி இது?" என்றாள்.

"பிரான்சிலேர்ந்து வந்தது" என்றேன்.

"ஓ" என்று தலையாட்டிவிட்டு அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் இந்த ஒரு பதிலுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்ஜினின் தலைப்பகுதியில் இருந்த போல்ட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று சபதம் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தன. ஒவ்வொன்றாகச் சூடு காட்டி, எண்ணெய் விட்டு, தட்டித் தட்டிக் கழற்றினார். கடைசிப் போல்ட் மட்டும் வரவில்லை. நான் அடுக்களையில் இருந்தேன். திடீரென்று ஹாலில் இருந்து, "வர்றியா, இல்ல அறுத்துப் போட்டுடட்டுமா? எவ்ளோ நேரமா மரியாதையா கேட்டுக்கினு இருக்கேன்!" என்று ஒரு குரல்.

கரண்டியோடு ஓடி வந்தேன். அவர் போல்ட்டைப் பார்த்துத்தான் கத்தியிருக்கிறார். என்னைக் கண்டதும், "மன்னிச்சிக்கம்மா, சத்தம் போட்டுட்டேன்" என்றார். நான் கரண்டியை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். துருப்பிடித்த போல்ட்டுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது லேத் பட்டறைக்காரர். பிஸ்டன்களைத் தட்டி எடுத்த பிறகு பார்த்தால் சிலிண்டர் சுவரெல்லாம் கீறல். அதைக் கடைந்து சமமாக்கி, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட வேண்டுமாம். சேதராப்பட்டில் ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டு வந்தார். பட்டறைக்காரர் போனில் பேசும்போதெல்லாம் "நாளைக்குண்ணே" என்பார். என் வீட்டுக்காரர் "சரிங்க தம்பி" என்பார். இப்படியே நாளைக்குகள் போய்க்கொண்டிருக்க, ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

"நாளைக்கு நாளைக்குன்னா எந்த நாளைக்கு? நான் மில்லுல ஷிப்டு பாத்தவன்யா! சாயங்காலம் ஆறு மணிக்கு மிஷின் ஓடணும்னா ஓடணும். உன்ன மாதிரி ஒருத்தன் என் கீழ இருந்திருந்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பேன்!"

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டேன். இடையில் உள்ளே போனால் நின்றுவிடுமோ என்று பயந்து, பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பால்காரர் என்ன டீச்சர், சாவி தொலைந்துபோச்சா என்று கேட்டார். பேசாமல் போங்க என்று சைகை காட்டினேன். போன் பேசி முடித்ததும் உள்ளே போனேன். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, என் பழைய வீட்டுக்காரராகவே நின்றிருந்தார். "ஏம்மா வந்துட்டியா, டீ போடட்டுமா?" என்றார். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி வீசலாம் போல இருந்தது.

சிலிண்டர் வந்தது. புதுப் பிஸ்டன்களும் வந்தன. அப்போதுதான் இட்லிப் பானை விவகாரம்.

"ஏம்மா, இட்லிப் பானைய எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு?"

"பிஸ்டன வேக வைக்கணும்."

பிஸ்டனுக்குக் குறுக்கே ஒரு பின் நுழைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம்கூடக் கிடையாது. சுத்தியால் அடித்தால் பிஸ்டன் கெட்டுவிடும். பிஸ்டனைச் சூடாக்கினால் கொஞ்சம் விரியும், பின்னைக் குளிரவைத்தால் கொஞ்சம் சுருங்கும், அப்போது தானாகப் போகும் என்று பொறுமையாக விளக்கினார். பின்களை ஏற்கெனவே ஃப்ரீஸரில் வைத்துவிட்டாராம். திறந்து பார்த்தேன். வஞ்சிர மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கவரில் இரண்டு இரும்புக் குழாய்கள்.

நான் கத்தினேன். வீட்டில் சோறு திங்கிற சாமானில் இரும்பை வேக வைக்கிற முதல் குடும்பம் இதுதான் என்றேன். என் வயிற்றுக்குள்ளும் ஆயில் ஊற்றிவிடுங்கள் என்றேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்குக் காலையில ஓட்டல்லேர்ந்து இட்லி வாங்கியாந்துடறேம்மா" என்றார்.

கடைசியில் நான்தான் அடுப்பைப் பற்ற வைத்தேன். இட்லித் தட்டின் குழிகளில் துணி விரித்து, அதன்மேல் பிஸ்டன்களைக் கவிழ்த்து வைத்து மூடினேன். ஆவி வந்ததும் அவர் துணியால் பிடித்து எடுத்துத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். ஃப்ரீஸரிலிருந்து பின்னை எடுத்துப் பின்னாலேயே நான் ஓடினேன். பின்னை வாங்கிப் பிஸ்டனின் துளையில் வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. வெண்ணெயில் இறங்குகிற மாதிரி போய் உட்கார்ந்தது.

"ஏய், இங்க பாருடீ!" என்று கூவினார்.

ஏய் என்றா சொன்னார்? டீ என்றா சொன்னார்? நான் பிஸ்டனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவரும் தான் சொன்னதைக் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. குரலை இறக்கி, "பாரும்மா" என்று திருத்திக்கொண்டார். அப்படித் திருத்தியது எனக்கு நெஞ்சில் முள் மாதிரி குத்தியது.

இன்ஜினை மூடுகிற நாளில் முசேவுக்கும் இவருக்கும் முட்டிக்கொண்டது. மருமகன் விட்டுப் போன கையேடு பிரெஞ்சில் இருந்தது. தலைப் போல்ட்டுகளை எந்த வரிசையில், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது. முசே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கவாத்துக்குக் கட்டளை கொடுக்கிற தோரணையில், "அத்தான்சியோன்! கவனம்! முதல் போல்ட்!" என்பார். இவர் இரண்டாவது போல்ட்டில் இருப்பார். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார். அப்புறம் ஸ்பேனரைத் தரையில் போட்டார்.

"முசே, என் கையி இறுக்காத போல்ட்டு இந்த ஊர்ல இல்ல. நீங்க பொஸ்தகத்த மூடுங்க."

"தம்பி, இத எழுதனவன் முட்டாளா?"

"எழுதனவன் முட்டாளில்ல. நடுவுல நின்னு கத்தறவங்களாலதான் கெடுது!"

முசே எழுந்தார். கையேட்டை மூடினார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது வண்டியின் சாவியையும் எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சாவி ஒரு சுருள் கயிற்றில் தொங்கும். ஓட்டுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அது இல்லாமல் வண்டி கிளம்பவே கிளம்பாது.

இப்போது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. போல்ட்டைத் திட்டியாயிற்று, பட்டறைக்காரரைத் திட்டியாயிற்று, பிரெஞ்சு ராணுவத்தையே திட்டியாயிற்று. கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் "சரிம்மா". அப்படி நான் என்ன பாவம் செய்தேன்? அவரிடமே கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயெடுத்தேன். என்னைத் திட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? கேட்டு வாங்கினால் அது சண்டையா?

சாவிக்காக முசே வீட்டுக்கு நான்தான் தூது போனேன். வஞ்சிரக் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். "உங்க தம்பி மில்லு மூடனதுக்கப்புறம் யார்கிட்டயுமே குரல ஒசத்துனதில்ல முசே. உங்ககிட்டதான் ஒசத்தியிருக்காரு. உங்கள சொந்தமா நெனச்சிதான" என்றேன். முசே குழம்பை முகர்ந்து பார்த்தார். "அப்படியா தங்கச்சி" என்றார். சாவியோடும் நாற்காலியோடும் வந்து சேர்ந்தார். இவரும் அவர் காதில் விழும்படி, "மொதல் போல்ட்டு எதுங்க முசே?" என்று கேட்டு வைத்தார். மொத்தத்தையும் தளர்த்திவிட்டு, கையேட்டின் வரிசைப்படி திரும்ப இறுக்கினார்கள்.

இன்ஜின் வண்டிக்குள் போன மறுநாள் காலை, போர்டிகோவிலேயே முதல் முறை கிளப்பிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயை மாட்டிச் சில நொடிகள்தான் ஓட்டலாமாம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். இரண்டு மூன்று முறை செருமியது. பிறகு ஒரு பெரிய கர்ஜனை. சிலிண்டருக்குள் வார்த்திருந்த ஆயில் எல்லாம் வெள்ளைப் புகையாகக் கிளம்பி, போர்டிகோவை மூடி, தெருவுக்கு இறங்கியது. எதிர் வீடுகளில் சடசடவென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன. புகை அடங்கியதும் மூன்றாம் வீட்டு அம்மா மூக்கில் முந்தானையோடு வெளியே வந்து, "இப்பவாவது மருந்தடிக்க வந்தாங்களே, கொசு பிடுங்கித் தின்னுது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடலில் இறக்குவது என்று முடிவாயிற்று.

புது வண்டியோ பழைய வண்டியோ, முதலில் எடுக்கும்போது பூஜை போடாமல் எடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எலுமிச்சம்பழங்கள் வாங்கினேன். சூடம், சந்தனம், குங்குமம். கடைத்தெருவில் கெட்டியாகக் கட்டின சாமந்தி மாலை ஒன்று வாங்கினேன். குட்டியானை மினி லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்து வண்டியை ஏற்றி, பழைய துறைமுகத்துக்குத் தெற்கே, மீன் படகுகள் நிற்கும் முகத்துவாரத்துக்குப் போனோம். ஊர் மீனவர்களிடம் இவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். நாலைந்து பேர் கை கொடுத்து வண்டியைத் தண்ணீர் விளிம்பில் இறக்கினார்கள்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்து நசுக்க வேண்டும். இதற்குச் சக்கரம் ஏது? முசே ஒரு யோசனை சொன்னார், மீனவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். கடைசியில் பழங்களை நானே காலால் மிதித்தேன். முசே தன் பங்குக்கு, வில்லியனூர் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தார். என் வீட்டுக்காரர் பெட்ரோல் மூடியின்மேல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டார். நான் சூடம் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையைக் கைப்பிடியில் போட்டேன்.

அவர் மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"இன்னா, வேணாமா?" என்றேன்.

"உன் இஷ்டம்மா" என்றார்.

மருமகனின் பூப்போட்ட அரை டவுசர், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, மணிக்கட்டில் சாவிக் கயிறு. என் கல்யாண ஆல்பத்தில்கூட அவர் இவ்வளவு அலங்காரத்தில் இல்லை. ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். வண்டி செருமாமல் கொள்ளாமல் ஒரே சத்தத்தில் கிளம்பியது. முதலில் மெதுவாகப் போனார். பிறகு கைப்பிடியைத் திருகினார்.

எனக்கு அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தொப்பையும் வழுக்கையுமாக, ஒரு வருஷமாக ஃபேன் போட அனுமதி கேட்ட மனிதர், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார். ஒரு வட்டம் போட்டார். இன்னொரு வட்டம். ஏதோ கத்துகிறார் என்பது தெரிந்தது, என்னவென்று கேட்கவில்லை. முசே என் பக்கத்தில் விறைப்பாக நின்று, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் அடித்தார்.

மூன்றாவது வட்டத்தில் காற்றில் மாலை அவிழ்ந்தது. மஞ்சளாக நீண்டு பறந்து தண்ணீரில் விழுந்தது. அவர் அதைப் பார்க்காமல் திரும்பி அதன்மேலேயே வந்தார். அடிவயிற்றில் இருக்கும் அந்த வாய் மாலையை அப்படியே உறிஞ்சியது. வண்டி ஒருமுறை விக்கியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

அலையில் ஆடிக்கொண்டு அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஃபைபர் படகு போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தது. கரைக்கு வந்ததும் வண்டியைச் சாய்த்து, அடியில் கைவிட்டு இழுத்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. வாழைநாரில் கட்டியிருந்தால் அறுந்துபோயிருக்கும். இப்போதெல்லாம் மாலையை நைலான் கயிற்றில்தான் கட்டுகிறார்கள். உள்ளே சுழலும் தண்டில் சுற்றி, தலைமுடிச் சிக்குபோல இறுகியிருந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரியாது. எல்லாம் போயிற்று, இனி இந்த மனிதர் "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்காரப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தார். சாமந்தி இதழ் ஒன்று மூக்கில் ஒட்டியிருந்தது. நேராக என்னைப் பார்த்தார்.

"அறிவிருக்காடீ உனக்கு?"

முகத்துவாரமே திரும்பிப் பார்த்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"தண்ணிய உறிஞ்சற வண்டிக்கு எவனாவது மாலை போடுவானா? அடியில ஒரு வாய் இருக்கு, அடியில ஒரு வாய் இருக்குன்னு நாயா கத்தனேனே, காதுல வாங்குனியா? இஸ்கூல்ல புள்ளைங்களுக்கு மட்டும் கவனி கவனின்னு பாடம் நடத்துவ!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் வாயும் தானாகத் திறந்துகொண்டது. "அவ்ளோ தெரிஞ்சவரு அப்பவே கழட்டிக் கடாச வேண்டியதுதான? உன் இஷ்டம்மா, உன் இஷ்டம்மான்னு நின்னீங்களே, வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"கழட்டுனா நீ மூஞ்சத் தூக்கி வச்சிக்குவ!"

"வச்சிக்கிட்டா வச்சிக்கிறேன், அதுக்காவ சும்மா இருந்துடுவீங்களா? ஒரு வருஷமா சும்மாவே இருக்கீங்களே! நான் யாருகிட்ட பேசறது, செவுத்துகிட்டயா?"

நான் அழுகிறேன் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. முசே பதறிப்போய் நடுவில் வந்து, "தம்பி, விடுங்க. தங்கச்சி பாவம், அழுவுது. போதும், போதும்" என்று அவர் தோளைப் பிடித்தார்.

"நீங்க சும்மா இருங்க முசே" என்றேன். "அவரு இப்பதான் ஆரம்பிச்சிருக்காரு."

வண்டியைக் குட்டியானையில் ஏற்றினோம். முசே டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் அவரும் பின்னால், வாட்டர் ஸ்கூட்டரின் இரண்டு பக்கமும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் மாலையில் தொடங்கி, நைலான் கயிற்றுக்குப் போய், என் ஸ்கூட்டியின் பிரேக்குக்குப் போய், நான் அடுக்களை விளக்கை அணைக்காமல் வருவதற்குப் போனார். நான் ஒன்றுக்கும் பதில் பாக்கி வைக்கவில்லை. உப்பளம் திரும்பும் இடத்தில் சிக்னலில் நின்றபோது அவர் திடீரென்று குரலை உயர்த்தினார்.

"அன்னிக்கு ஒரு ஞாயித்துக்கெழம சாம்பார் வச்சியே, ஞாபகம் இருக்கா? அது இன்னா சாம்பாரா, கடலா? மனுசன் திங்கறதா அது?"

பக்கத்தில் பைக்கில் நின்றவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு வாய் சேத்துத் தின்னீங்களே, அப்ப தெரியலையா?" என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தெரிஞ்சிது. எல்லாம் தெரிஞ்சிது" என்றார். சிக்னல் விழுந்தது. "போயி ஒழுங்கா ஒரு சாம்பார் வையி. பசிக்குது."

எனக்கும் பசித்தது.